காய்ச்சலுக்குப் பெயர் வைக்கும் அவசரம்: பன்வில மலையிலிருந்து ஒரு மீள்பார்வை

கண்டி மாவட்டத்துப் பன்வில மலையில் இன்று மலேரியா இல்லை. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அப்படியிருக்க, மடுல்கலையிலும் கபரகலையிலும் ஹுலு கங்கை ஓரத்துத் தோட்டங்களிலும் வாழும் மக்களுக்கு மலேரியாவைத் தவறாகக் கண்டறிவது பற்றிய கட்டுரை எதற்கு என்று கேட்கலாம்.

காரணம் உண்டு. மருத்துவத்தில் நடக்கும் பிழைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, காய்ச்சலைக் கண்டவுடன் அதற்கு ஒரு பெயரை வைத்துவிடுவது. அந்தப் பிழையின் முழு வரலாற்றையும் மலேரியா நமக்குக் காட்டித் தருகிறது. ஒரு காலத்தில் வந்த காய்ச்சலெல்லாம் மலேரியா. பிறகு வந்ததெல்லாம் வைரஸ் காய்ச்சல், அதற்கும் பிறகு டெங்கு. பரிசோதனையில் எதுவும் பிடிபடாதபோது "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்ற பெயர். வீட்டில் வைக்கும் பெயர்களோ வேறு: உள்காய்ச்சல், பயந்த கோளாறு, காத்துக் கருப்பு. பெயர் வைத்தாயிற்று என்றால் தேடல் நின்றுவிடும். நோய் நிற்பதில்லை. தவறான கண்டறிதல், மன அழுத்தத்தால் வரும் உடல்நோய், இயற்கை மருந்து ஆகிய மூன்றையும் தனித்தனியே பேசுவதுதான் வழக்கம். மலைநாட்டுத் தோட்டப் பெண் ஒருத்தியின் உடம்பில் இந்த மூன்றும் ஒரே வாரத்தில் சந்தித்துவிடுகின்றன. ஆகவே சேர்த்தே பார்ப்போம்.

மலைக்கு வந்த காய்ச்சல்

மலைநாட்டுத் தமிழரின் வரலாறு காய்ச்சலோடுதான் தொடங்குகிறது. கோப்பிக் காலத்தில், 1830கள் முதல், தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளை ஊடாகக் கண்டிக்கு ஏறினார்கள். வரண்ட வலயத்தின் குளக்கரைகள் நுளம்பின் இருப்பிடங்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் பலர், எழாதவர்களும் பலர். மலையேறி வந்தவர்களுக்குத் தோட்டத்தில் மருத்துவம் என்று ஒன்று சட்டப்படி கிடைக்கத் தொடங்கியது 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகே.

உயரமான மலைகளில் மலேரியா குறைவு. குளிர் கூடினால் நுளம்பின் உடலில் ஒட்டுண்ணி வளர்ந்து முதிர்வதற்குள் நுளம்பு மாண்டுவிடும். பள்ளத்தாக்குகளின் கதை வேறு. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் முதன்மை நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ், வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டைகளில் முட்டையிடும். ஆறு பெருகி ஓடும்போது முட்டைகள் அடித்துச் செல்லப்படும். ஆறு வற்றிப் பாறைக் குழிகளில் நீர் தேங்கினால் அந்தக் குழி ஒவ்வொன்றும் நுளம்பின் தொட்டிலாகும்.

1934இல் நடந்தது அதுதான். தென்மேற்குப் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோய் கேகாலை, குருநாகல் மாவட்டங்களையும் கண்டியின் தாழ்ந்த பகுதிகளையும் வாரிச் சுருட்டியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. நிவாரணத்துக்குப் போன என்.எம். பெரேரா, எஸ்.ஏ. விக்கிரமசிங்க முதலிய, இடதுசாரிகளான சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களில் காய்ச்சலோடு பசியையும் கண்டார்கள். மலேரியா மருந்தான கொயினாவோடு நிற்காமல், ஈஸ்ட் சாறான மார்மைட்டையும் உருண்டைகளாக உருட்டிக் கொடுத்தார்கள். மெலிந்த உடம்பைக் காய்ச்சல் எளிதில் கொன்றுவிடுகிறது என்பதை அவர்கள் நேரில் கண்டார்கள். 1935 டிசம்பரில் உருவான லங்கா சமசமாஜக் கட்சியின் பின்னணியில் இந்த அனுபவமும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி தெளிப்பு வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தியபோது, 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பன்வில மக்கள் மறக்கக்கூடாத இன்னொரு கட்டமும் உண்டு. மகாவலித் திட்டத்தில் 1976இல் பொல்கொல்லையிலும் 1985இல் கொத்மலையிலும் விக்டோரியாவிலும் அணைகள் எழுந்தன. அணைக்குக் கீழே நீரோட்டம் சுருங்கி ஆற்றுப் படுகையில் பாறைக் குட்டைகள் தேங்கின. மலேரியா அரிதாக இருந்த கண்டிப் புறக் கிராமங்களில் 1980களின் நடுவில் அது புதிதாகத் தலைகாட்டியது. நக்கிள்ஸ் மலையில் பிறக்கும் ஹுலு கங்கை அதே விக்டோரியா நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேர்கிறது. நிலமும் நீரும் மாறும்போது நோயின் எல்லையும் மாறும் என்பதை இந்த வட்டாரம் ஒருமுறை அனுபவித்தே அறிந்திருக்கிறது.

எல்லாம் மலேரியா என்ற காலம்

மலேரியா மலிந்திருந்த காலத்தில் காய்ச்சலோடு வந்தவருக்கு இரத்தம் எடுப்பார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் குளோரோகுயின் கொடுத்து அனுப்புவார்கள். ஆய்வுகூடம் எட்டாத ஊர்களில் உயிர்காக்க அதுவே வழியாக இருந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. நெருப்புக் காய்ச்சலும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் மலேரியா என்ற போர்வைக்குள் மறைந்துகொண்டன.

அந்தப் போர்வை எவ்வளவு பெரியது என்பதை ஆபிரிக்காவில் அளந்து பார்த்தார்கள். தன்சானியாவின் வைத்தியசாலைகளில் கடும் மலேரியா என்று சேர்க்கப்பட்டுச் சிகிச்சை பெற்ற 4,474 பேரின் இரத்தத்தை முறையாகச் சோதித்தபோது, பாதிக்கும் குறைவானவர்களிடமே, அதாவது 46 வீதத்தினரிடமே, மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. 2004இல் வெளிவந்த இந்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. மற்றவர்கள் வேறு ஏதோ நோயோடு மலேரியா மருந்தை உட்கொண்டிருந்தார்கள். சோதித்து உறுதிசெய்த பிறகே மருந்து கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் வழிகாட்டியது.

இலங்கையில் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டது. மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டிராத இளம் மருத்துவர்களின் தலைமுறை உருவாகியிருக்கிறது. நோய் ஒழிந்ததன் நற்சான்று அது, கூடவே ஆபத்தும் அது. வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு திரும்பும் சிலர் இங்கே முதலில் டெங்கு என்றே பார்க்கப்படுகிறார்கள். இரண்டிலும் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும், தலை வெடிக்கும், இரத்தத் தட்டுக்கள் குறையும். தட்டு எண்ணிக்கையைப் பார்த்து டெங்கு என்று முடிவுகட்டி நாட்களைக் கடத்தினால், ஆபிரிக்காவிலிருந்து வரும் பல்சிபாரம் வகை மலேரியா அந்த நாட்களுக்குள் மூளையையும் சிறுநீரகத்தையும் எட்டிவிடும்.

பன்விலவுக்கு இது தூரத்துச் செய்தி என்று எண்ணவேண்டாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா சென்ற உறவுகளை நீலகிரியிலும் திருச்சியிலும் சென்னையிலும் கொண்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். கலியாணத்துக்கும் சாவுக்கும் போய்வருகிறார்கள், கோயில் யாத்திரையும் போகிறார்கள். சென்னை நகரத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு வைவாக்ஸ் வகை மலேரியாவைப் பரப்பி வந்திருக்கிறது. வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஈரலில் ஒளிந்துகிடந்து, வாரங்கள் அல்ல, மாதங்கள் கழித்தும் எழும்பும். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தவருக்கு ஆடியில் நடுக்கக் காய்ச்சல் வந்தால், ஊர்ப்பயணம் அவர் நினைவிலேயே இருக்காது. டொக்டர் கேட்டால்தான் சொல்வார். கேட்கிற கேள்வி அவர் பேசும் மொழியில் இருந்தால்தான் சொல்வார். அந்த ஸ்டீபன்சி நுளம்பு 2016 இறுதியில் மன்னாரிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

மலேரியாவை உறுதிசெய்ய வேண்டியது ஒரு துளி இரத்தம். விரல் நுனியில் ஊசியால் குத்தி, வரும் துளியைக் கண்ணாடிச் சில்லில் காற்சத அகலத்துக்குத் தடிப்பாகப் பரப்புவார்கள். இன்னொரு துளியை மெல்லிய படலமாக இழுப்பார்கள். காய்ந்த பிறகு கீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் வில்லையின் கீழே நூறு காட்சிப் புலங்களையாவது ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். சிவப்பணுவுக்குள் நீல வளையமும் அதன் ஓரத்தில் ஒரு செம்புள்ளியும் தெரிந்தால் அதுவே மலேரியா. முதல் சோதனையில் தெரியவில்லை என்றால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்பப் பார்க்கவேண்டும். மலேரியா தடை இயக்கம் இந்தச் சோதனையையும் மருந்தையும் இலவசமாகவே தருகிறது. நோயை ஒழித்த அறிவு நம்மிடம் இன்னும் இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறும் பழக்கம்தான் குறைந்துவிட்டது.

இன்றைய மலையின் காய்ச்சல்கள்

மலேரியா விட்டுச்சென்ற இடம் காலியாக இல்லை. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள், நானூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2008இல் எலிக்காய்ச்சல் 7,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, மாத்தளை, கேகாலை வட்டாரங்கள் அதில் பெரிதும் அடிபட்டன. மூன்றாவது, அதிகம் பேசப்படாத உண்ணிக் காய்ச்சல். மத்திய மாகாண மலைப்பகுதியில் இதைத் தரும் ரிக்கெட்சியா கிருமிகள் பரவியிருப்பதையும், அவற்றில் புள்ளிக் காய்ச்சல் வகை இங்கே மேலோங்கியிருப்பதையும் பேராதனையின் பேராசிரியர் எஸ்.ஏ.எம். குலரத்னவும் சக ஆய்வாளர்களும் 2003இல் எழுதினார்கள்.

முதல் இரண்டு நாள் இந்தக் காய்ச்சல்கள் யாவும் ஒரே முகம் காட்டும். பிரித்தறிய உடம்பையும் தொழிலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசையை அழுத்தினால் நோயாளி துள்ளுவார், கண்வெள்ளை இரத்தச் சிவப்பாயிருக்கும், சிறுநீர் குறையும். வயலில் இறங்கினாரா, கான் துப்புரவு செய்தாரா, காலில் வெடிப்பு இருந்ததா என்று கேட்கவேண்டும். உண்ணிக் காய்ச்சலில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவந்த புள்ளிகள் தெரியலாம். சிலருக்கு அக்குளிலோ அரையிலோ மார்பின் கீழோ, பூச்சி கடித்த இடத்தில், நெருப்புச் சுட்டதைப் போன்ற கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அரிக்காது. ஆடையை விலக்கிப் பார்க்காத மருத்துவருக்கு அது அகப்படாது. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படும் பெண்ணும் சொல்லமாட்டாள். கொழுந்துக் கூடையோடு புல்லும் புதருமான மலைச்சரிவில் நிற்பவருக்கும், ஏலக்காட்டுக்குப் போய்வருபவருக்கும் இந்தக் கடி எளிதில் வாய்க்கும். நோயைக் கண்டுபிடித்துவிட்டால் டொக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும். கண்டுபிடிக்காவிட்டால் நுரையீரலையும் மூளையையும் அது தாக்கும்.

டெங்குவின் ஆபத்து இன்னொரு விதம். காய்ச்சல் விடும் வேளையில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். "காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கு வேலைக்குப் போகலாம்" என்று வீட்டார் நினைக்கும் அந்த நாளே கண்டத்து நாள். மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை, பனடோல் தவிர வேறு வலிமாத்திரை எதுவும் வேண்டாம், அஸ்பிரினும் டைக்ளோபெனாக்கும் கூடவே கூடாது. இந்த மூன்று விதிகளையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே அறிந்திருக்கவேண்டும்.

உடம்பு பேசும் துயரம்

இனி, பரிசோதனையில் எதுவும் பிடிபடாத காய்ச்சலுக்கு வருவோம். "மேலெல்லாம் காயுது, உள்காய்ச்சல் மாதிரி இருக்கு, கைகால் உளையுது, நெஞ்சு படபடக்குது, தூக்கமில்லை." தோட்டத்து டிஸ்பென்சரியில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. வெப்பமானியில் ஒன்றும் தெரியாது. இரண்டு பனடோலும் ஒரு விற்றமின் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது.

மன அழுத்தம் உடம்பில் இறங்கும் வழிகள் கற்பனையல்ல. அச்சமும் கவலையும் நீடித்தால் கோர்ட்டிசோலும் அட்ரினலினும் ஓயாமல் சுரக்கும். இதயம் வேகமாய்த் துடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், இரைப்பை எரியும், தசைகள் இறுகித் தலைவலியும் இடுப்புவலியும் வரும். உடல் வெப்பமே உயர்வதும் உண்டு. மன அழுத்தத்தால் 37க்கும் 38 பாகை செல்சியசுக்கும் இடையில் வாரக்கணக்கில் நிற்கும் காய்ச்சலை ஜப்பானிய மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கிருமியால் வரும் காய்ச்சல் மூளைக்கு எட்டும் வேதிவழி வேறு, இதன் வழி வேறு. அதனால் இதற்குப் பனடோல் கேட்பதில்லை. உள்காய்ச்சல் என்று சொல்லும் பெண் பொய் சொல்லவில்லை.

அவள் மீது இருக்கும் சுமையையும் எண்ணிப் பாருங்கள். நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் வேலைப் பதிவுதான், விழும். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம், முழுப் பேர் விழுந்தால் மட்டுமே முழுசாகக் கைக்கு வரும். நுண்கடன்காரர் வாரம் தவறாமல் வருவார். மகள் குவைத்தில் வீட்டுவேலையில், பேரப்பிள்ளை இவள் மடியில். கணவர் சாராயத்தில். அடைமழை பெய்தால் லயத்து வரிசைவீட்டுக்கு மேலுள்ள மண்மேடு இறங்குமோ என்ற பயத்தில் இரவு கழியும். இத்தனையும் உடம்பில் எங்கேயாவது வெளிப்படத்தான் செய்யும்.

வரலாறு இங்கே ஓர் அநீதியை நினைவூட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெப்பநாடுகளில் பணியாற்றிய வெள்ளையர்களின் களைப்புக்கும் எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் வெப்பமண்டல நரம்புத் தளர்ச்சி என்று மருத்துவமே ஒரு நோய்ப்பெயர் சூட்டியது. அதற்கு ஓய்வும் மலைவாசமும் தாயகப் பயணமும் பரிந்துரைக்கப்பட்டன. அதே நாடுகளில் கூலிக்கு உழைத்தவரின் களைப்புக்குக் கிடைத்த பெயர் சோம்பல், சாக்குப்போக்கு. அந்தப் பார்வையின் மிச்சம் இன்றும் மருந்து வாங்கும் வரிசையில் தென்படுகிறது.

எதிர்த்திசைப் பிழையும் அதே அளவு கொடியது. களைப்பையும் படபடப்பையும் கண்டவுடன் "டென்ஷன்" என்று முடிவுகட்டினால், இரத்தச்சோகை தப்பிவிடும். தோட்டப் பெண்களிடையே அது நெடுங்காலப் பிரச்சினை. இரும்புச்சத்துக் குறைந்தவருக்கு மேடேறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும், தலை சுற்றும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத்தண்ணி உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதைத் தேயிலை பறிக்கும் பெண்ணுக்கே யாரும் சொல்வதில்லை. தைரொயிட் குறைவு மனச்சோர்வைப் போலவே வேடம் போடும். மாலையில் மட்டும் வரும் இலேசான காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், விடாத இருமல் ஆகியவை காசநோயின் அடையாளங்கள். இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மன அழுத்தம் என்று சொல்லலாம்.

அப்போதும் வேறு நோய் இல்லாததால் இது மன அழுத்தம் என்று சொல்வது போதாது. அதற்கெனக் கேள்விகள் உண்டு. தூக்கம் எப்படி? முன்பு மகிழ்ச்சி தந்தவை இப்போதும் தருகின்றனவா? இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டு கிடக்கிறதா? சாகலாம் என்று தோன்றுகிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று அஞ்சவேண்டாம். கேட்பது பாரத்தை இறக்கவே உதவும். 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இலங்கையின் எந்தத் தொலைபேசியிலிருந்தும் கிடைக்கும்.

வீட்டு மருந்தும் காட்டு மருந்தும்

பன்வில வீடுகளில் காய்ச்சலுக்கு முதல் மருந்து கொத்தமல்லித் தண்ணி. இஞ்சி சேர்ப்பார்கள். சிங்கள அயலவரின் பஸ்பங்குவவில் கொத்தமல்லி, இஞ்சியோடு மரமஞ்சள், கண்டங்கத்திரி, பற்படகம் சேரும். நிலவேம்பு, வேப்பிலை, துளசி என்று பட்டியல் நீளும். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அறிவீனம். மலேரியாவின் இரண்டு பெரும் மருந்துகளும் செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவையே.

கொயினா சிங்கோனா மரப்பட்டையில் பிறந்தது. அந்த மரத்துக்காகவே 1861இல் ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. கோப்பியை இலைநோய் அழித்த பிறகு மலைநாட்டுத் தோட்டங்கள் சிங்கோனாவை நட்டன. 1880களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேல் பட்டை கப்பலேறியது. விலை சரிந்ததும் மரங்களை வெட்டித் தேயிலை நட்டார்கள். காய்ச்சலுக்கு மருந்தான பட்டையை உரித்துக் கொடுத்த கைகள், காய்ச்சலில் மாண்ட மக்களின் கைகள். இரண்டாவது மருந்து ஆர்ட்டிமிசினின். பழைய சீன மருத்துவ நூலொன்றில், மாசிபத்திரியின் உறவான ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழியும்படி சொல்லியிருந்ததைக் கண்ட சீன விஞ்ஞானி தூ யூயூ, கொதிக்கவைத்ததால்தான் மருந்து கெட்டிருக்கிறது என்று ஊகித்தார். குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்து 1971இல் வெற்றி கண்டார். 2015இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த இரண்டு கதைகளும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. மரப்பட்டையில் மருந்து இருந்தது, அளவு இருக்கவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்த்தியேயும் கவந்தூவும் 1820இல் கொயினாவைத் தனியே பிரித்த பிறகுதான் எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்று சொல்ல முடிந்தது. ஆர்ட்டிமிசியா இலையைத் தேநீராகக் குடித்தால் மருந்து போதாது, ஒட்டுண்ணி மருந்துக்குப் பழகிக்கொள்ளவும் இடமுண்டு. அதனால் உலக சுகாதார நிறுவனம் அந்தத் தேநீரை மலேரியாவுக்கு ஏற்பதில்லை. இயற்கையில் மருந்து உண்டு. அளவும் சோதனையும் சேர்ந்தால்தான் அது நம்பத்தக்க சிகிச்சையாகும்.

இந்த அளவுகோலால் நம் வீட்டு மருந்துகளைப் பார்ப்போம். கொத்தமல்லித் தண்ணியும் கஞ்சியும் இளநீரும் நீர்ச்சத்தைக் காக்கும். டெங்குவில் பெரியவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் அளவு நீராகாரம் தேவை. அந்த வகையில் பாட்டியின் கைமருந்து உண்மையான மருந்தே. டெங்குச் சந்தேகம் இருந்தால் சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள், வாந்தியில் இரத்தம் கலந்தால் தெரியாமற் போகும் என்பதற்காக. கொத்தமல்லித் தண்ணியை மெல்லிசாய் வைத்துக் கொடுத்து, கொடுத்ததை டொக்டரிடமும் சொல்லிவிடுவது நல்லது. நிலவேம்பு காய்ச்சலின் உபாதையைத் தணிக்கலாம். டெங்குவையோ மலேரியாவையோ எலிக்காய்ச்சலையோ அது குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கவேண்டும். பப்பாளி இலைச்சாறு தட்டு எண்ணிக்கையைச் சற்றே கூட்டுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. டெங்குவில் ஆளைக் கொல்வது நீர்க்கசிவு. தட்டு ஏறிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பவருக்கு அந்தச் சாறே எமனாகும்.

இயற்கையானது என்றால் தீங்கற்றது என்ற நம்பிக்கையைக் கண்டியே பொய்யாக்கியிருக்கிறது. காமரங்கா என்று இங்கே சொல்லும் நட்சத்திரப் பழத்தின் சாற்றை மருந்தாகக் குடித்தவர்களின் சிறுநீரகத்தில் ஒட்சலேற்றுப் படிகங்கள் அடைத்துப் பழுதானதைக் கண்டி, பேராதனை மருத்துவர்கள் 2015இல் பதிவுசெய்தார்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கென்று கொடுக்கப்பட்ட பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் நோய்த்தடுப்பு விதிகளை மறந்து முண்டியடித்தார்கள். அந்தப் பாணியைப் பகிரங்கமாக அருந்திய அப்போதைய சுகாதார அமைச்சரே அடுத்த மாதம் தொற்றுக்கு ஆளானார். அந்த மக்களின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பயத்தின்மேல் விற்கப்படும் எந்தச் சரக்கையும் சோதனைக்கு முன் மருந்து என்று ஏற்கமாட்டேன்.

மன அழுத்தத்துக்கு இயற்கை வழிகள் இதைவிட நன்றாகவே உதவுகின்றன. ஒழுங்கான தூக்கம், மூச்சுப் பயிற்சி, மனம்விட்டுப் பேச ஓர் ஆள், திருவிழாவிலும் காமன் கூத்திலும் ஊரோடு சேர்ந்திருப்பது எல்லாம் நரம்பைத் தணிப்பவை. மாரியம்மன் கோயிலில் வேப்பிலை அடித்துத் திருநீறு பூசும்போது ஒருத்தியின் துயரத்தை ஊர் கேட்கிறது. அதில் ஆறுதல் உண்டு. அமுக்கிராக் கிழங்கு பதற்றத்தைச் சற்றே குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஈரல் பாதிப்பும் சிலரிடம் பதிவாகியிருப்பதால் பிற மருந்து எடுப்பவர்கள் கேட்டுத்தான் சாப்பிடவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் வரிசை மாறவேண்டும்: முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு மந்திரிப்பு.

செய்யவேண்டியவை

நோயாளி கையில் இருப்பது அவரது கதை. அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம்: காய்ச்சல் எத்தனையாம் நாள், கடந்த ஒரு வருடத்தில் எந்த நாட்டுக்குப் போனார், என்ன வேலை செய்தார், என்ன கடித்தது, சிறுநீர் எவ்வளவு போகிறது, வீட்டில் என்ன மருந்து, கஷாயம் குடித்தார். விடாத வாந்தி, வயிற்றுவலி, மயக்கம், இரத்தக் கசிவு, சிறுநீர் குறைவு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொழுது விடியக் காத்திருக்காமல் மடுல்கலையோ தெல்தெனியவோ கண்டியோ, எது கிட்டவோ அங்கே போய்விடவேண்டும். கஷாயம் குடித்ததைச் சொன்னால் ஏசுவார்கள் என்று மறைக்கவேண்டாம். ஏசாமல் கேட்பது மருத்துவரின் கடமை.

அமைப்புகளின் கடமை இதைவிடப் பெரிது. தமிழ் பேசும் நோயாளியின் கதை சிங்களம் மட்டும் அறிந்த மருத்துவரிடம் பாதியாகத்தான் போய்ச் சேரும். கண்டறிதலில் பெரும்பகுதி கதையைக் கேட்பதே என்பதால், மொழிபெயர்க்க ஆள் வைப்பதும் தமிழ் அறிந்த தாதியரை நியமிப்பதும் மருந்து வழங்குவதற்கு இணையான சிகிச்சை. தோட்டத்து டிஸ்பென்சரி அரசாங்கச் சுகாதார சேவையோடு முழுமையாக இணையவேண்டும். இரத்தப் பரிசோதனைக்குப் போன நாளுக்குப் பேர் விழவேண்டும். மருத்துவம் இலவசமாக இருந்தும், ஒரு நாள் சம்பளம் போகுமே என்று மூன்றாம் நாள் சோதனையைத் தள்ளிப்போடும் பெண்ணுக்கு அந்த இலவசம் எட்டவில்லை. மனநல மருத்துவ அலுவலர் பிரதேச வைத்தியசாலைக்கு ஒழுங்காக வருவதும், அவர் வரும் நாள் லயத்து மக்களுக்குத் தெரிந்திருப்பதும் வேண்டும்.

மலேரியாவை இந்த நாடு ஒழித்தது ஊகத்தால் அல்ல. காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரின் இரத்தத்தையும் தேடிப்போய்ப் பார்த்த ஊழியர்களின் பல்லாண்டு உழைப்பால் அது நடந்தது. அந்த உழைப்பில் பாதியை இன்றைய காய்ச்சல்களுக்கும், மீதியை மக்களின் மனத்துயரத்துக்கும் கொடுத்தால் பன்வில மலையில் தடுக்கக்கூடிய சாவுகளைத் தடுக்கலாம். கேட்டு, பார்த்து, சோதித்த பிறகு நோய்க்குப் பெயர் வைப்போம். மருந்து மலையில் முளைத்ததா, ஆலையில் செய்ததா என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.